கசப்புக்குப் பயப்பட வேண்டாம்

பெட்டி அக்காவுக்கு எதைக் கண்டாலும் பயம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திருகிப் பார்ப்பாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் தெருமுனை வரை போனவள் திரும்பி வருவாள். பலத்த காற்றடித்தால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி பறந்துவிடுமோ என்று அண்ணாந்து பார்ப்பாள். லிஃப்டில் ஏறவே மாட்டாள். அவளைக் கட்டியவரோ லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் நான் பார்த்துக்கறேன், என் பொண்டாட்டி மட்டும் அஞ்சு மாடி படியேறி மூச்சு வாங்குறா. என் தொழிலுக்கு இதவிட நல்ல விளம்பரம் உண்டா?" என்று அவர் சிரிப்பார்.

பத்தொன்பது வருடம் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த வண்டி எத்தனையாவது மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் வேலை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "குளிக்கத் தண்ணி சூடாயிடுச்சு. மறுபடியும் சொல்றேன், சூடாயிடுச்சு." பிறகு நிலையத்தார் அவள் குரலையே பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, அவளுக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். அவள் குரல் இன்னும் அங்கே வேலை பார்க்கிறது. அவள்தான் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் இருந்த முதல் மாதத்தில் ஒருநாள் சமையலறை மேல்தட்டைத் துடைக்கும்போது, பாத்திரத்துக்குப் பின்னால் உருண்டு போயிருந்த ஒரு தக்காளி கிடைத்தது. எப்போது வாங்கியது என்று விரல் விட்டு எண்ணினாள். ஏழு வாரம் ஆகியிருந்தது. தோல் சுருங்கவில்லை, ஓர் ஓரம் அழுகவில்லை. கடையில் பார்த்தபோது இருந்த அதே பளபளப்பு. அழுகிய தக்காளியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அழுகாத அந்தத் தக்காளி அவளை உலுக்கிவிட்டது. இத்தனை நாளாக எதைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

அந்தப் பயத்தில் தொடங்கியதுதான் பெட்டி. ஊருக்கு வெளியே சைக்கிள் தூரத்தில் யார் யார் மருந்தடிக்காமல் பயிர் வைக்கிறார்கள் என்று தேடித் தேடிப் போனாள். ஆறு பேர் கிடைத்தார்கள். வாங்கிக்கொள்ள ஆறு வீடுகள் கிடைத்தன. சனிக்கிழமை காலையில் அந்த வாரம் நிலத்தில் என்ன விளைந்ததோ அது ஒரு அட்டைப்பெட்டியில் வீட்டு வாசலுக்கு வரும். இதுதான் திட்டம். நான்கு வருடத்தில் ஆறு வீடு அறுபத்தொன்றானது. ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கடையின் பின்னறையைக் காய் பிரித்து அடுக்க இலவசமாகக் கொடுத்தார். அவருக்கும் இதில் பைத்தியம் பிடித்திருந்தது. பெட்டியோடு ஒரு துண்டுச்சீட்டும் போகும். இந்த வாரம் என்ன காய், யார் நிலத்தில் விளைந்தது, எப்படிச் சமைக்கலாம் என்று அக்கா எழுதுவாள், அவர் அச்சடிப்பார். சீட்டைப் படிப்பதற்காகவே பெட்டி வாங்குகிறோம் என்று சொன்னவர்களும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை பெட்டியில் சுரைக்காய் போனது.

அது ஆற்றங்கரை அண்ணனின் நிலத்துக் காய். ஐம்பத்தைந்து வயது மனிதர், நிறையப் பேசமாட்டார். தன் காயிலிருந்து தானே விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, மூன்று வருடமாக அதையே விதைத்து வந்தார். கடை விதையை நம்பி இருக்க வேண்டாம் என்று அவரிடம் வற்புறுத்தியதே அக்காதான். அதனால் அந்தக் காய் மேல் அவளுக்குத் தனிப் பெருமை. சீட்டில் விரிவாக எழுதினாள். அதற்கு முந்தின மாதம் வெள்ளரிக்காயின் நுனி லேசாகக் கசக்கிறது என்று இரண்டு வீட்டார் குறை சொல்லியிருந்தார்கள். மறுபடி அப்படி யாரும் கிளம்பிவிடக் கூடாதே என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்தாள். "சொந்த விதைக் காய் என்பதால் சில காய் சற்றுக் கசக்கலாம். கசப்புக்குப் பயப்பட வேண்டாம். அது உடம்புக்கு நல்லது." இதை அவள் எங்கும் படித்ததில்லை. நாலு பேர் சொல்லிக் கேட்டது. எழுதும்போது அழகாக இருந்தது.

ஒன்பது மணிக்குள் எல்லாப் பெட்டியும் போய்ச் சேர்ந்தது. அக்கா வீட்டுக்கு வந்து குளித்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற டீச்சரின் கணவர்.

"அக்கா, அந்தச் சுரைக்காயில என்ன இருந்துச்சு?"

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

"காலைல ஜூஸ் அடிச்சுக் குடிச்சா. கால் மணி நேரம்கூட ஆகல, வாந்தி ஆரம்பிச்சுது. நிக்கவே இல்ல. கடைசியில ரத்தமா வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்கேன். பிபி எங்கேயோ கீழ போயிடுச்சாம். காய் கசந்துச்சான்னு டாக்டர் கேக்குறார். கசந்துச்சுன்னு சொன்னா அவ. கசந்ததை ஏம்மா குடிச்சேன்னு கேட்டா, உங்க சீட்டைக் காட்டுறா."

அவர் போனை ஒரு பெண்ணிடம் கொடுத்தார். டாக்டர். குரலில் கோபம் இல்லை, அவசரம் மட்டும் இருந்தது. "கசக்குற சுரைக்காய்ல ஒரு விஷம் இருக்கும்மா. சமைச்சாலும் போகாது. மாத்து மருந்து கிடையாது. யார் யார் வீட்டுக்குப் போயிருக்கோ, உடனே சொல்லுங்க. வயசானவங்க, குழந்தைங்க இருக்கிற வீடு முதல்ல."

போன் நின்றது. அக்கா சமையலறைக்குப் போனாள். தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்த காய் மேடையில் இருந்தது. ஓரத்தில் ஒரு சீவல் சீவி நுனிநாக்கில் வைத்தாள். இனிப்பாக, தண்ணீராக, எந்தக் குற்றமும் இல்லாமல் இருந்தது. அது அவளுக்கு ஆறுதல் தரவில்லை. அறுபத்தொரு வீட்டில் எது நல்ல காய், எது மற்றது என்று யாருக்குத் தெரியும்? ஒரு கொடியில் அமுதமும் பக்கத்துக் கொடியில் விஷமும் காய்த்திருக்கலாம். இரண்டையும் தன் கையால்தான் துடைத்து அடுக்கினோம் என்பது நினைவுக்கு வந்ததும் கத்தியை மேடைமேல் போட்டாள். அடுத்த நிமிடம் ஜெராக்ஸ் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். வீட்டைப் பூட்டினாளா என்று அவளுக்குத் தெரியாது.

கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"போன் பண்ணுவோம். ஆனா அக்கா, எப்படிச் சொல்லணும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. 'விஷம்'னு ஒரு வார்த்தை போச்சுன்னா, அடுத்த வாரம் ஒரு பெட்டிகூடப் போகாது. அந்த ஆறு பேரும் மறுபடி மார்க்கெட் தரகர் கிட்டதான் போய் நிக்கணும். 'காய் கொஞ்சம் முத்திப் போச்சு, தூக்கிப் போட்டுடுங்க, அடுத்த வாரம் வேற தர்றோம்'னு சொல்லுவோம். காரியமும் நடக்கும், பேரும் கெடாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னது அக்காவுக்கும் இனித்தது என்பதுதான் உண்மை. நான்கு வருடமாக அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எங்க காய்ல விஷம் கிடையாது, நிம்மதியா சாப்பிடுங்க" என்று சொல்லித்தான் பெட்டி சேர்த்திருந்தாள். அதே வாயால் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முத்திப் போச்சு என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதல் எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது ஒரு மருமகள். "முத்திப் போச்சா? எங்க மாமியார் முத்தின காயைத்தான் தேடுவாங்க அக்கா. தூக்கிப் போடுறதாவது! அவங்க காதுல விழுந்தா என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்க. நறுக்கி அடுப்புல வெச்சாச்சு, நீங்க கவலைப்படாதீங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேடையும் ஒலிபெருக்கியும் இருந்த காலத்துக் குரல் தானாக வெளியே வந்தது.

"அடுப்பை அணைச்சிடும்மா. அந்தக் காய்ல விஷம் இருக்கலாம். மறுபடியும் சொல்றேன், விஷம் இருக்கலாம். ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்காங்க. யாரும் வாயில வைக்காதீங்க. மாமியாருக்கும் சொல்லிடு."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

கடைக்காரர் பட்டியலின் கீழ்ப்பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, தன் போனிலிருந்து அதே சொல்லைச் சொல்லத் தொடங்கினார்.

ஒன்றரை மணி நேரம் போனது. ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கும்போது அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எடுத்து "ஹலோ" என்றதும்தான் விடுவாள். ஒருவர், "கசந்துச்சு, துப்பிட்டு உங்களைத் திட்டிட்டு இருந்தேன்" என்றார். அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. ஒருத்தி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். கேட்டதும் அந்தப் பெண் செருப்புப் போடாமல் அங்கே ஓடினாள், போன் காதிலேயே இருந்தது. ஒரு வீட்டில் சாப்பிட்டே முடித்திருந்தார்கள். நால்வருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இனிமேல் ஆகுமோ என்று அந்த வீட்டுக்காரர் போனிலேயே அழத் தொடங்கிவிட்டார். "கசந்துச்சா? கசக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கசக்கவில்லை என்று நால்வரும் தனித்தனியாக வந்து சொன்ன பிறகுதான் அடுத்த எண்ணுக்குப் போனாள்.

ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் கேட்ட கேள்வி மட்டும் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. "கசந்தா உடம்புக்கு நல்லதுன்னு நீங்கதானே எழுதினீங்க? யாரைக் கேட்டு எழுதினீங்க?" அக்கா சொன்னாள், "யாரையும் கேக்கல." அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

பன்னிரண்டரை மணிக்குப் பட்டியலில் மூன்று பேர் மிச்சம். இருவர் வெளியூர் போயிருக்கிறார்கள், பெட்டி வாசலில் அப்படியே கிடக்கிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மூன்றாவது, வாட்ச்காரர்.

எழுபத்தாறு வயது. கடைத்தெருவில் நாற்பது வருடம் கடிகாரம் பழுதுபார்த்தவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார், மகள் வேறு நாட்டில். அவருடைய போன் அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது. அக்கா மறுபடி அழைத்தாள். எதிர்முனையில் மணி ஒலித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் அவள் ஞாபகத்தில் வந்து விழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அவருக்கு நாக்கின் ருசி போய்விட்டது. பெட்டியை வாங்கிக்கொள்ளும்போது அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். "எனக்கு எது குடுத்தாலும் ஒண்ணுதாம்மா. மண்ணும் மாம்பழமும் ஒரே ருசி. உன் சீட்டைப் படிச்சுத்தான் நான் என்ன சாப்பிடுறேன்னே தெரிஞ்சுக்கறேன்."

கசந்தால் துப்ப அவருக்கு வழியே இல்லை.

அக்கா கடைக்காரரின் ஸ்கூட்டர் பின்னால் ஏறினாள். போகும்போதே கணவரைக் கூப்பிட்டாள். நல்ல வேளையாக அவர் பக்கத்துத் தெரு வங்கியில் வேலையாக இருந்தார். வாட்ச்காரர் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. அக்கா உள்ளே போனாள், பொத்தானை அழுத்தினாள், மேலே வந்து இறங்கினாள். அதில் ஏறினோம் என்பதே அவளுக்கு அடுத்த நாள்தான் உறைத்தது.

கதவைத் தட்டினாள். உள்ளே சுவர்க் கடிகாரங்கள் ஓடும் சத்தம், ஒன்றோடொன்று சேராமல், பத்துப் பதினைந்து. வேறு சத்தம் இல்லை. "சார்! நான்தான், பெட்டி அக்கா!" இன்னும் பலமாகத் தட்டினாள். எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "காலையில மிக்ஸி ஓடுற சத்தம் கேட்டுதே" என்றாள். அந்த ஒரு வாக்கியம் கேட்டு அக்கா இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

அவள் கணவர் கருவிப்பையோடு வந்தார். பூட்டின் பட்டையைக் கழற்ற அவருக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அக்கா அந்த மூன்று நிமிடமும் கதவில் காதை வைத்திருந்தாள். தன் இதயத்துடிப்பு எது, உள்ளே இருக்கிற கடிகாரம் எது என்று பிரிக்க முடியவில்லை.

வாட்ச்காரர் குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். உடையெல்லாம் நனைந்திருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மேசைமேல் ஒரு பெரிய டம்ளர், காலி. அதன் கீழே காற்றில் பறக்காமல் அக்காவின் சீட்டு. அவள் மண்டியிட்டு அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். கண்ணிமை அசைந்தது.

"சார், கேக்குதா? சார்!"

"நாலு தடவை... போயிட்டு வந்துட்டேன்" என்றார் அவர், மூச்சுக் காற்றில். "நல்லதுன்னு எழுதியிருந்தியேம்மா... நல்லா சுத்தம் பண்ணுது."

அவர் கேலி செய்தாரா, உண்மையாகவே நம்பிச் சொன்னாரா என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் கேட்கத் துணியவில்லை.

ஆம்புலன்ஸில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை சில்லென்று இருந்தது. "சார், தூங்காதீங்க. மறுபடியும் சொல்றேன், தூங்காதீங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸ் ஊழியர், "அக்கா, நீங்க ஒரு தடவை சொன்னாலே போதும், எனக்கே தூக்கம் போயிடுச்சு" என்றார். அவள் சிரிக்கவில்லை. சொல்வதை நிறுத்தவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டீச்சர் கண்விழித்திருந்தாள். இரண்டு கையிலும் ஊசிக் குழாய். அவள் கணவர் வராந்தாவில் அக்காவைப் பார்த்ததும் எழுந்து வேகமாக வந்தார். அடித்துவிடுவார் என்று நினைத்து அவள் அசையாமல் நின்றாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் அருகில் வந்து, ஸ்ட்ரெச்சரில் போகிற கிழவரைப் பார்த்தார். "இவருமா?" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் உட்கார்ந்து இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் வெளியே வந்து சொன்னது சுருக்கமாக இருந்தது. டீச்சர் தேறிவிடுவாள். கிழவரின் ரத்த அழுத்தம் ஏறவில்லை, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, நாளைக்கு இந்நேரம்தான் எதுவும் சொல்ல முடியும். வெளிநாட்டிலிருந்து மகள் அழைத்தாள். "அப்பாவுக்கு ருசி தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நிரூபிக்க யாரும் இல்லை. "தெரியும்மா. எழுதும்போது ஞாபகம் வரல" என்றாள் அக்கா. மகள் அந்தப் பக்கம் அழுகிற சத்தத்தை அவள் போனை வைக்காமல் முழுக்கக் கேட்டாள்.

மறுநாள் பிற்பகல் வரை அக்கா அந்த வராந்தாவை விட்டு நகரவில்லை. கணவர் சாப்பாடு கொண்டுவந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் உள்ளே இருந்தது வெறும் ரொட்டிதான், ஆனாலும் வாய்க்கு அருகே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. "இது கடை ரொட்டி" என்றார் அவர் மெதுவாக. அவள் கையைக் கீழே இறக்கினாள். ஒரு சௌகரியமான பயம், சௌகரியமில்லாத பயம் என்று இரண்டு இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான்கு வருடமாக அவள் பயந்ததெல்லாம் எங்கோ இருக்கிற யாரோ கலக்கிற விஷத்துக்கு. தன் கையாலேயே போகிற விஷத்துக்கு இல்லை.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு நர்ஸ் வந்து, "தாத்தா கண் முழிச்சிட்டார், மணி என்னன்னு கேக்குறார்" என்றாள். அக்கா உடனே அவர் மகளை அழைத்துச் சொன்னாள்.

டீச்சர் மூன்றாம் நாளும் வாட்ச்காரர் பதினோராம் நாளும் வீடு திரும்பினார்கள். அவருடைய சிறுநீரகம் சரியாவதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

இடையில் அக்கா ஆற்றங்கரைக்குப் போனாள். அண்ணன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். எதிரே சுரைப் பந்தல் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. கொடியைத் தொட வேண்டாம் என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து காய்களை எடுத்துக்கொண்டு போகும் வரை அவர் தொடவில்லை. அந்த வண்டி கண்ணிலிருந்து மறைந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்.

"பிடுங்குறப்போ ஒவ்வொரு கொடியிலயும் ஒரு காய் அறுத்து நக்கிப் பார்த்தேன்" என்றார். "நாப்பதுல மூணு. மூணே மூணு கொடி. மத்ததெல்லாம் சர்க்கரை. நானும் என் பொண்டாட்டியும் அந்த வாரம் முழுக்க இதைத்தான் சாப்பிட்டோம். எங்க தட்டுல அந்த மூணும் வரல."

"எப்படி அண்ணே ஆச்சு?"

அவர் வேலியைக் காட்டினார். எல்லைப் புதரில் சின்னக் காய்களோடு ஒரு காட்டுக் கொடி படர்ந்திருந்தது. பேய்ச்சுரை. "அந்த ஆபீசர்தான் சொன்னார். போன வருஷம் இதோட பூவுல உட்கார்ந்த தேனீ நம்ம பூவுலயும் உட்கார்ந்திருக்கு. அந்தப் பூவுல வந்த காய்லேருந்துதான் நான் விதை எடுத்திருக்கேன். அது இந்த வருஷம் காய்ச்சிருக்கு." வேலியிலிருந்து கையை இறக்கினார். "தேனீ திரும்பி வந்துடுச்சுன்னு நீ சீட்டுல எழுதினியே, ஞாபகம் இருக்கா? அந்தத் தேனீதான்."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். "இவர் ரெண்டு நாளா தூங்கல அக்கா. யாராவது செத்திருந்தா நானும் போயிருப்பேன்னு சொல்றார். நீங்க ஏதாவது சொல்லிட்டுப் போங்க." "விதையை எடுக்கச் சொன்னது நான். எப்படி எடுக்கணும்னு தெரிஞ்சவங்களை யாரையும் நாம கேக்கல அண்ணே" என்றாள். மாலை வெயில் சாயும் வரை மூன்று பேரும் வேலிப் புதரை வெட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் மாடி அறையில் பெட்டிக்காரர்களை எல்லாம் வரச் சொன்னாள். பத்தொன்பது வருடம் ஆயிரக்கணக்கானவர்களிடம் பேசியவள்தான், ஆனால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து. முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நாற்பது பேர் வந்திருந்தார்கள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள். எந்தக் கொடி, எந்த வேலி, எந்த வரி. சீட்டில் எழுதியதை உரக்கப் படித்தாள். "இது பொய். நான் எழுதினது. சுரைக்காய் கசந்தா அது விஷம்" என்றாள்.

ஒருவர் எழுந்து, இதைவிடக் கடைக் காயே மேல் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். படிக்கட்டில் அவர்களுடைய செருப்புச் சத்தம் ஓய்ந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து அந்த ஓய்வு பெற்ற நர்ஸ் எழுந்தார்.

"சீட்டை இனிமே யார் பார்த்து அனுப்பப் போறாங்க?" என்று கேட்டார் அவர்.

"யாரும் இல்ல. பெட்டியே இருக்குமான்னு தெரியல."

"நான் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு எடுத்துட்டு வா. நான் சரின்னு சொன்னாதான் அச்சுக்குப் போகணும். ஜெராக்ஸ்காரரே, உங்களுக்கும்தான் சொல்றேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அறையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அதிகாரி கொடுத்த நோட்டீஸுக்கு விளக்கம் எழுதி, ஆறு வாரம் நிறுத்தி வைத்து, மறுபடி பெட்டி கிளம்பியபோது இருபத்திரண்டு வீடுகள் இருந்தன. சுரை, பூசணி, வெள்ளரி எதற்கும் இனி வேளாண் கல்லூரிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி தேனீ புகாமல் பூவை நூலால் கட்டி வைத்துத்தான் விதை எடுக்க வேண்டும் என்று ஆறு விவசாயிகளும் ஒத்துக்கொண்டார்கள். ஆற்றங்கரை அண்ணன் ஒரு வருடம் சுரை போடவே இல்லை. இரண்டாம் வருடம் போட்டார். அந்தக் காய் வந்த சனிக்கிழமை அக்கா விடிந்ததும் ஜெராக்ஸ் கடைப் பின்னறைக்கு வந்து, ஒவ்வொரு காயின் காம்புப் பக்கத்திலும் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்தாள். ஒன்று முடிந்ததும் வாய் கொப்பளித்து, சற்று நின்று, அடுத்தது. கடைக்காரர் பொறுமை இழந்து, "இப்படிப் போனா பெட்டி நாளைக்குத்தான் போகும்" என்றார். "போகட்டும்" என்றாள்.

அன்று பகல் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். பிற்பகல் நான்கு மணி தாண்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். "இவ்வளவு பயந்துட்டு எதுக்கு இதைச் செய்யணும்?" என்று கணவர் ஒருமுறை கேட்டார். அவள் அடுத்த வாரச் சீட்டை எழுத உட்கார்ந்தாள்.

போன மாதம் புதிதாகக் குடிவந்த ஓர் இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு, கடை வாசலில் வந்து நின்றாள். பெட்டியைத் திறந்து காய்களைப் புரட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் நம்பிச் சாப்பிடலாம்தானே அக்கா? ஒண்ணும் ஆகாதுதானே?"

அக்கா பெட்டியில் இருந்த சுரைக்காயைத் தொட்டுக் காட்டினாள்.

"எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் பார்த்துட்டோம்மா. தெரியாதது இருக்கலாம். சுரைக்காயை அறுத்ததும் முதல்ல நீ ஒரு துளி நாக்குல வெச்சுப் பாரு. கசந்தா துப்பிட்டு எனக்குப் போன் பண்ணு, எந்நேரமானாலும்."

அந்தப் பெண் சுரைக்காயை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதற்குப் பதில் இரண்டு கத்திரிக்காயை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, "அப்போ இது போதும் அக்கா" என்றாள்.

"அதுவும் நல்லதுதான்" என்று சொல்லி அக்கா அவளுக்குப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள்.